மாப்பிள்ளைக்கு இருபத்தைந்துக்கு நாலு

மல்லசமுத்திரம்,
செவ்வாய்க்கிழமை.

மேச்சேரியில் வாழும் என் மனைவி சௌந்திரத்தின் அண்ணனும், என் மகள் தனப்பிரியாவின் தாய்மாமனும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஊருக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுப்பவருமான மச்சான் மயில்சாமி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சென்னிமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் ஆடுகளும் நலமென்றே நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

நேற்று போனை எடுத்ததும் எடுக்காததுமாக, "ஏனுங்க மாப்ள, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா?" என்று கத்தினீர்கள். போனில் உங்களிடம் பேசி யாரும் ஜெயித்ததில்லை, அதனால் எழுதுகிறேன். புத்தி கெட்டது எனக்கல்ல. பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்து, வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்த பிறகு, சும்மா இருந்த மாப்பிள்ளைப் பையன் தமிழரசுவிடம் போய், "பொண்ணோட அப்பா இங்கிலீஷ் வாத்தியாருங்க சாமி, இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீன்னா மனுசன் அப்படியே உருகிப்போயிருவாரு" என்று ஏற்றிவிட்டது யார்? நீங்கள்தான். நான் உருகவில்லை மச்சான், கொதித்தேன்.

அவன் எழுதி அனுப்பிய பக்கத்தில் முதல் வாக்கியமே என்ன தெரியுமா? 'ஒய்ல் கிரேஸிங் இன் தி ஃபீல்டு, யுவர் டாட்டர் கேம் டு மை மைண்ட்.' காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் நினைவு வந்தது என்று சொல்ல வருகிறான். தமிழில் அது சரி, யார் மேய்த்தார் என்று யாரும் குழம்பமாட்டார்கள். ஆங்கிலம் அப்படியல்ல. அந்தக் காற்புள்ளியைத் தாண்டி முதலில் யார் வந்து நிற்கிறாரோ அவர்தான் மேய வேண்டும்! வந்து நிற்பது என் மகள். எம்.எஸ்ஸி. படித்த பெண் எதற்காக மேச்சேரிக் காட்டில் புல் மேய வேண்டும்? 'ஒய்ல் ஐ வாஸ் கிரேஸிங் மை ஷீப்' என்று ஒரே ஒரு 'ஐ' போட்டு, ஆட்டையும் சேர்த்திருந்தால் தீர்ந்தது. எட்டாம் வகுப்புப் பாடம்!

அது போகட்டும் என்று அடுத்த வரிக்குப் போனால், 'பிகாஸ் ஐ லைக்.' அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. என்னத்தை லைக்? ஆட்டையா, என் மகளையா? ஏனென்றால் என்று ஆரம்பித்தால் எதற்கென்று சொல்ல வேண்டாமா? சரி, இங்காவது புள்ளி வைக்கத் தெரிந்தானே என்று பார்த்தால், அதற்கப்புறம் பக்கம் முடியும்வரை புள்ளியே கிடையாது, மேச்சேரியில் கிளம்புகிற பஸ் ஓமலூரில் நிற்கிறது, சேலத்தில் நிற்கிறது, கை காட்டினால் நடு ரோட்டிலும் நிற்கிறது, இவனுடைய வாக்கியம் மட்டும் எங்கும் நிற்காமல் ஆட்டுப் பட்டி, கிடாய், புது வீடு, அம்மாவுக்கு முட்டிவலி என்று போய்க்கொண்டே இருக்கிறது, நடுவில் 'மை மதர் ஆர் வெரி ஹேப்பி' என்று ஒரு அடி, 'யுவர் டாட்டர் ஆர் வெரி குட்' என்று இன்னொரு அடி, ஒருவருக்கு 'இஸ்' என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம், இந்த ஜில்லாவில் ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை, இங்கிலீஷில் 'ங்க' கிடையாதய்யா!

அதனால்தான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிழைகளைச் சுழித்து, ஓரத்தில் திருத்தம் எழுதி, இருபத்தைந்துக்கு நாலு மதிப்பெண் போட்டேன். கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் அந்த நாலும். பழக்கதோஷத்தில் 'பெற்றோர் கையொப்பம் பெற்று வரவும்' என்று அடியில் எழுதிக் கூரியரில் அனுப்பிவிட்டேன். இதில் என்ன குற்றம் கண்டீர்கள்? அவன் அம்மா சென்னம்மாள் போனில், "ஏனுங்க, பொண்ணு கேட்டமுங்களா, பரீட்சை எழுதுனமுங்களா? எம்பையனுக்கு மார்க்குப் போடறதுக்கு நீங்க யாருங்க? வெள்ளிக்கெழமை நாங்க வாரதில்லீங்க!" என்று வைத்துவிட்டார். உங்கள் தங்கை அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போடுகிறாள், குழம்பு வேண்டுமா என்று கேட்பதில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. போனால் போகட்டும். முற்றுப்புள்ளி வைக்கத் தெரிந்த வரனாக ஒன்று பாருங்கள்.

உங்கள் குடும்பத்துக்கும் கிடாய்களுக்கும் ஒரு குறையும் வராமல் குலதெய்வம் காக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
பிழை பொறுக்காத
சென்னிமலை

பி.கு.: தபாலுக்கு நேரமில்லை என்று, இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லித் தனப்பிரியாவிடம் கொடுத்தேன். கொடுத்தது தப்பு. படித்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, இத்தனை தப்பைக் கண்டுபுடிச்சீங்களே, அந்த 'ஆர்' யாராருக்குப் போட்டிருக்காருன்னு பாத்தீங்களா? அவருக்கு 'ஐ ஆம்'னுதான் போட்டிருக்காரு. கெடாய்க்கு 'இஸ்'தான். அவங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தானுங்க 'ஆர்'. தெரியாமப் போடலீங்கப்பா. 'இஸ்'னு போட கை வரலியாமா, அவ இவன்னு சொல்றாப்பல இருக்குதாமா. நானே கேட்டேன்."

"கிராமர்னு ஒண்ணு இருக்குதில்ல கண்ணு?" என்றேன்.

"நீங்க அம்மாவ 'ஏய், இவளே'ன்னு கூப்படறீங்களே, அதுல கிராமர் தப்பே இல்லீங்கப்பா. கட்டுனா அவரைத்தான் கட்டுவேனுங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன் மச்சான்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சென்னம்மாள் வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கே மேச்சேரி வாரேன், அவர் திட்டுவதைக் கேட்டுக்கொள்கிறேன். நான் மட்டும் வரவில்லை. சௌந்திரம் அவர்களும் வருகிறார்கள்.