முனியாண்டி கோயில் வந்தால் இரண்டாவது கியர்

நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லித்தர வந்துவிடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. லைசென்ஸ் சோதனை அதிகாரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நட்டநடுச் சாலையில் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் எனக்கு வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுத்து வேன் ஓட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே எனக்கு வந்த முதல் வேலை. விடுவேனா?

ஓட்டுநர் பள்ளியில் மாஸ்டர் "மாத்து" என்றால் கியரை மாற்றினேன். மற்றபடி என் கணவர் சேகர்தான் குரு. தோட்டத்து லோரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுபவர் (அவரே சொல்லிக்கொள்வது).

"எப்பங்க கியர் மாத்தணும்?"

"முனியாண்டி கோயில் வந்தா ரெண்டு போடு. சாமிக்கு ஒரு ஹோன் அடி. தண்ணித் தொட்டி தாண்டினா மூணு. அவ்ளோதான் லா!"

வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். தோட்டத்துச் சாலைக்கு நான்தான் ராணி.

சோதனை எங்கள் மலைக்குக் கீழே, டவுனில். சாலை பலகை மாதிரி சமமாக இருந்தது. முதல் கியரில் கிளம்பினேன். கோயில் வரவில்லை. தொட்டியும் வரவில்லை. இஞ்சின் அலறியது, பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. ஏன் கியர் மாற்றவில்லை என்று அதிகாரி மலாயில் கேட்டார். முனியாண்டி இன்னும் வரவில்லை என்றா சொல்வது? அப்போது சாலையோரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் தெரிந்தது. (தெய்வமே வந்துவிட்டது!) சட்டென்று இரண்டாவது கியர் போட்டேன். பழக்கதோஷத்தில் ஹோனும் அடித்தேன். முன்னால் போன போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

பெயில். பூந்தோட்ட வேலை வேறொருத்திக்குப் போனது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்?" என்றார் சேகர் வெளியிலிருந்து.

"கோயிலத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எதுக்கு மாத்தணும்னு சொன்னீங்களா?"

"கை தன்னால போவுது லா. எப்படின்னு எனக்கே தெரியல," என்றார்.

கோபம் போய்ப் பாவமாக இருந்தது. அவருக்கு ஓட்டத் தெரியும். ஓட்டத் தெரியாமல் இருந்த காலம்தான் மறந்துவிட்டது. சொல்லித்தருபவர்கள் முதலில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டியது அந்தக் காலத்தைத்தான்.

அடுத்த பாடத்தைப் பனிமூட்டம் எடுத்தது. ஒரு மாலை சேகரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது மூட்டம் இறங்கி, கோயில், தொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"நிப்பாட்டவா?"

"மெதுவா போ. வண்டி சிரமப்பட்டு முனகுதான்னு கேளு."

கேட்டேன். முனகியது. மாற்றினேன். முனகல் நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அடுத்த சோதனையில் பாஸ். இப்போது தானா ராத்தாவில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். அதனால் பாதிச் சமையல் அவர் தலையில். போன வாரம் சாம்பார் சொல்லிக்கொடுத்தேன்.

"எப்ப இறக்கணும்?"

"பக்குவமா வந்ததும் இறக்குங்க."

"பக்குவம்னா?"

"பாத்தாலே தெரியும்ங்க. இதுகூடவா தெரியாது?"

அவர் கரண்டியோடு என்னையே பார்த்தார். கூடத்திலிருந்து மகள் கத்தினாள்: "மா, எந்தக் கோயில் வந்தா இறக்கணும்னு சொல்லுங்க!"

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைச் சொல்லித்தர ஆரம்பித்தாலும், முதல் கேள்வி அதுதான்.