சங்கீதாவின் புடவையில் இருக்கும் மருந்து

ஆரணி,
வெள்ளிக்கிழமை

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை பார்த்திபன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் ஹேமலதாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கலசப்பாக்கத்தில் நீங்களும் என் தங்கை சங்கீதாவும் குழந்தைகளும் புது வீட்டில் குறைவில்லாமல் இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டதா? மோட்டார் இப்போதாவது தண்ணீர் ஏற்றுகிறதா?

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான், அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் நம் அரிசி மண்டிக்கு ஏன் அனுப்புகிறான் என்று யோசிப்பீர்கள். நான் போன் செய்தால் அதை எப்போதும் சங்கீதாதான் எடுக்கிறாள். வாட்சாப்பில் இந்த விஷயத்தைப் பற்றி ஓர் எழுத்துகூடப் போடக் கூடாது என்று என் மகள் காவ்யா கண்டித்துச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்த வழி. மண்டியில் யாரும் பக்கத்தில் இல்லாத சமயம் படியுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அது எங்கே ஆரம்பித்தது என்று சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் இஷ்டம். உங்கள் பெரிய பெண்ணின் காதுகுத்துக்கு நான் சீர் கொண்டுவந்த புடவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் சங்கீதாவுக்கு இருக்கிறது. அதே புட்டா போட்ட அதே புடவையைக் கட்டிக்கொண்டு பந்தியில் எதிர் வரிசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். புடவை நெய்து விற்கிறவன் வீட்டுச் சீர், கடையில் தொங்குகிற புடவையாகப் போய்விட்டது என்று சங்கீதா அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. ஆகவே உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு, ஓமத்தில் உட்காரப் பிறந்த வீட்டிலிருந்து வரும் புடவை, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத டிசைனாக இருக்கும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுப்பது சுலபம். ஆரணியில் இன்றைக்கு ஒரு தறியில் ஏறின டிசைன் நாளைக்கு எத்தனை தறியில் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் காவ்யா பெங்களூரிலிருந்து வந்து, வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் ஹேமலதா 'மருந்து கண்டுபிடிக்கிறா' என்று சொல்லிவிடுவாள். அதனால் தெருவில் பாதிப் பேர் சுகர் ரிப்போர்ட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதற்கும் நாமே கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவளும் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"நம்ம ஒடம்புல நெறைய புரோட்டீன் இருக்குதில்லப்பா, அதுல ஒண்ணு மூட்டுல வீக்கத்தைக் கிளப்பி விட்டுகினே இருக்குது. அதுல ஒரு பள்ளம் இருக்கு. அந்தப் பள்ளத்துல கரெக்டா போயி ஒரு மூலக்கூறு உக்காந்துட்டா, அது அடங்கிடும்."

"அந்த மூலக்கூறு எங்க இருக்குது?"

"எங்கயும் இல்ல. பள்ளத்தோட வடிவத்தைக் குடுத்தா ஏஐ அதுவே யோசிச்சிப் புதுசு புதுசா வரைஞ்சி தரும்."

"அதுவே வரையுதுன்னா நீ இன்னாமா பண்ற?"

"அது வரைஞ்சதுல எது தேறும்னு பாக்கறேன்."

"தேறுமா தேறாதான்னு அதுக்கே தெரியாதா?"

"தெரியும்னுதான் அது சொல்லும். அத அப்பிடியே நம்பக் கூடாதுப்பா."

மாப்பிள்ளை, இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. நம்பக் கூடாத ஒருத்தரிடம் ஏன் வேலை கொடுக்க வேண்டும்? அது வரைந்ததை லேபில் செய்துபார்க்க வேண்டுமாம். அப்புறம் எலிக்குக் கொடுக்க வேண்டுமாம். அப்புறம்தான் மனிதனுக்காம். எல்லாம் முடியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகலாமாம். 'அப்ப ஏஐயால இன்னா ஜல்தியா ஆச்சு?' என்று கேட்டேன். 'படம்' என்றாள். சமையலறையிலிருந்து ஹேமலதா, "பத்து வருசம் என் முட்டி தாங்காதுடி, எனக்கு மட்டும் முன்னாடியே ஒரு பட்டை மாத்திரை எடுத்தாந்து குடு" என்றாள். காவ்யா ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கி என்னிடம் காட்டினாள். அறுகோணம் அறுகோணமாக ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் கொடி மாதிரி ஒரு வால் இறங்கியிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இது மட்டும் தேறும்னு எனக்குத் தோணுதுப்பா. இதுவரைக்கும் உலகத்துலயே யாருகிட்டயும் இல்லாதது இது" என்றாள்.

உலகத்திலேயே யாரிடமும் இல்லாதது. இதைக் கேட்டால் ஆரணிக்காரன் வேறு என்ன செய்வான், சொல்லுங்கள். அவள் சாப்பிட எழுந்த நேரம் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டிசைன் போடுகிற தமிழ்வாணனிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, தேன்கூட்டுல பல்லி பூந்தா மாரி கீது" என்றார். ஆனாலும் கட்டம் போட்டுத் தறியில் ஏற்றிக்கொடுத்தார். அரக்குச் சிவப்பில் ஜரிகை புட்டாவாக விழுந்ததும் அவரே கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார். அத்தைக்குப் போகிற சீரில் மருமகளின் கை வேலையும் இருக்கட்டுமே, அவளுக்குத் திடீரென்று ஒரு சந்தோஷமாக இருக்கட்டுமே என்றுதான் காவ்யாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் திடீரென்றுதான் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

புதுமனைக்கு அவளால் வர முடியவில்லை அல்லவா? ஓமத்தில் சங்கீதா உட்கார்ந்திருக்கும் போட்டோவை நேற்றுத்தான் பார்த்திருக்கிறாள். உடனே போன் செய்தாள். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா, அத்தை ஒடம்பு பூரா எங்க கம்பெனி ரகசியம் இருக்குது" என்றாள். பேடன்ட் பதிவு செய்வதற்கு முன்னால் அது வெளியில் தெரிந்தால் கம்பெனிக்கு உரிமையே கிடைக்காமல் போகலாமாம். அவள் வேலை போய்விடுமாம். நான் அவளைச் சமாதானப்படுத்த, "வரைஞ்சது ஏஐதானேமா, வேலைய வுட்டு எடுக்கறதுன்னா அத எடுக்கட்டும்" என்றேன். அதற்கு அவள் அழுதேவிட்டாள். புடவையைப் பார்த்து யார் மருந்து செய்யப்போகிறார்கள், கலசப்பாக்கத்தில் யார் இதைப் படிப்பார்கள் என்று கேட்டதற்கும் அழுகைதான் பதில். அவள் படித்து முடிக்கும்வரை நானும் ஹேமலதாவும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். என் புத்தி கெட்டத்தனத்தால் அது பாழாகக் கூடாது, மாப்பிள்ளை.

ஆகவே எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன். அந்தப் புடவையை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓமத்தில் உட்கார்ந்து, பால் காய்ச்சின புடவையைப் பிறந்த வீடே திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய அபசாரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சங்கீதா காதில் விழுந்தால் இந்த ஜன்மத்தில் அவள் என் வாசல்படி மிதிக்கமாட்டாள். அதனால் ஏதாவது காரணம் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஜரிகையில் கோளாறு என்று சொல்லலாம் என்று நினைத்தேன். 'கோளாறான புடவையைத்தான் எனக்குக் கொடுத்தானா' என்பாள். பாலிஷ் போட வேண்டும் என்று சொல்லலாம். புதுப் புடவைக்கு என்ன பாலிஷ் என்பாள். கறை பட்டுவிட்டதாக நீங்கள் சொன்னால் விளக்கைப் போட்டு மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்ப்பாள். ஹேமலதா வேறு, நடுவில் புகுந்து, "உண்மையச் சொல்லிடுங்களேன், அவ இன்னா முழுங்கவா போறா" என்கிறாள். அவளுக்கு உங்கள் வீட்டம்மாவைத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது யோசனை தோன்றினால் அதன்படி செய்யுங்கள். பதிலுக்கு எந்த நிறத்தில் வேண்டுமானாலும் புடவை நெய்து தருகிறேன். வருகிற முகூர்த்தங்களுக்கு மட்டும் தயவுசெய்து அவள் அதைக் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரோட்டீனில் பள்ளம் எப்படி வந்தது என்று உங்களுக்குப் புரிந்தால் அதையும் இரண்டு வரி எழுதுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வியாபாரம் செழிக்கட்டும், புது வீட்டில் நல்லதே நடக்கட்டும், சங்கீதாவின் கோபம் நம் இருவர் பக்கமும் திரும்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கலங்கிய மனதுடன்,
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: கவரை ஒட்டின பிறகு காவ்யாவிடமிருந்து போன். திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அந்த மூலக்கூறு தேறவில்லையாம். லேபில் செய்துபார்த்திருக்கிறார்கள். எந்த வழியில் முயன்றாலும் அந்த வாலை அந்த இடத்தில் ஒட்டவைக்க முடியவில்லையாம். ஏஐ வரைந்துவிட்டது, மனிதனால் செய்ய முடியவில்லை. கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டதாம். பேடன்ட்டும் கிடையாது, ரகசியமும் கிடையாது, அவள் வேலைக்கும் ஆபத்து இல்லையாம். நான் சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் அவளுக்கு அதில் சந்தோஷமே இல்லை. "கம்ப்யூட்டர்ல நல்லாத்தாம்பா உக்காந்துச்சு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. தறியில் ஏறாத டிசைன் எத்தனையோ நானும் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன். அப்புறம் அவளே, "அத்தையப் புடவையப் பத்தரமா வெச்சிக்கச் சொல்லுப்பா. இப்ப உலகத்துல அது இருக்கறது அங்க ஒரு எடத்துலதான்" என்றாள். ஆகவே நான் சங்கீதாவுக்குக் கொடுத்த வாக்கு தவறவில்லை. மேலே எழுதியிருக்கிற எதையும் செய்யாதீர்கள். புடவையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், எத்தனை முகூர்த்தத்துக்கு வேண்டுமானாலும் கட்டட்டும். ஹேமலதாவும் முட்டிக்குப் பழைய தைலத்தையே எடுத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. காவ்யா அடுத்த முறை வரும்போது அந்தப் புடவையை ஒரு நாள் கட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாள். அதைச் சங்கீதாவிடம் நீங்கள்தான் கேட்டு வாங்கித் தர வேண்டும், மாப்பிள்ளை. எனக்குத் தைரியம் இல்லை.