நிமிர்த்தப் போன வீடு

லட்லோ,
செவ்வாய்க்கிழமை

அன்பும் அதட்டலும் ஒருங்கே நிறைந்த வினிஃப்ரெட் அக்காவுக்கு, தம்பி கத்பர்ட் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். வீடுதான் நலமில்லை. நீயும் உன் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

வீட்டை விற்றுவிட்டுக் கடற்கரையில் உன்னோடு வந்து இரு என்று நீ வருடக்கணக்காகச் சொல்லி, நானும் ஒருவழியாகச் சரி என்றேன் அல்லவா? அங்கேதான் வந்தது வினை. வாங்க வந்த லண்டன் தம்பதி தெருவில் நின்று கறுப்பு மரச்சட்டங்களையும் வெள்ளைப் பூச்சையும் பார்த்து உருகினார்கள். தெருமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மாடியைப் படம் எடுத்தார்கள். மேலே ஏறியதும் அந்த அம்மாளின் கைப்பையிலிருந்து விழுந்த உதட்டுச்சாயம் உருண்டு உருண்டு ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது. "தரை சரிவா இருக்கே?" என்றாள். "நானூறு வருஷமா அப்படித்தாம்மா இருக்கு" என்றேன். "அப்ப சரிபண்ண நிறைய நேரம் இருந்திருக்குமே!" என்றான் புருஷன்.

வாங்காமலே போய்விட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லாரிக்குப் போடுகிற ஜாக்கி ஒன்றை வாங்கி, கூடத்து விட்டத்துக்கு முட்டுக் கொடுத்துத் திருகினேன். மாடி நிமிர்ந்தது, நீ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாய். உடனே பக்கத்து வீட்டு விதவை ஹெஸ்டர் சுவரில் தட்டினாள். "கத்பர்ட்! என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க? என் வாசக்கதவு திறக்க மாட்டேங்குது!" எங்கள் இருவருக்கும் தூண் வரிசை ஒன்றுதான் என்பதும், என் விட்டம் அவள் கதவு நிலைக்கு மேலேதான் போய் முடிகிறது என்பதும் அப்போதுதான் புத்தியில் உறைத்தது. நகராட்சியின் பழங்கட்டட அதிகாரி வந்தார். ஜாக்கியைப் பார்த்ததும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தொப்பியைக் கழற்றினார். "ஒரேயடியா இறக்கினீங்கன்னா பூச்சு மொத்தமும் கொட்டிரும். வாரத்துக்கு ஒரு திருகுதான்!"

அதுவரை ஹெஸ்டர் எப்படி வெளியே போவாள்? அவளுக்குப் பின்வாசல் கிடையாது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பரண் ஒன்றுதான். நடுவில் சுவர் எழுப்ப அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பரண் வழியாக வந்து, என் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, என் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்து, என் வாசல் வழியாகக் கடைக்குப் போகிறாள். சவரம் செய்துகொண்டிருக்கும்போது வந்து, "காலர் கிழிஞ்சிருக்கு, கழட்டிக் கொடுங்க" என்கிறாள். ஆட்டிறைச்சி வாங்கி வந்து என் அடுப்பிலேயே வேகவைத்து, "மேல தூக்கிட்டுப் போனா ஆறிடும்" என்று என் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கட்டினவள் மார்ஜரி இறந்த பிறகு இந்தப் படிக்கட்டில் இன்னொருவர் காலடி கேட்டதே இல்லை, அக்கா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தொந்தரவு தொந்தரவுதானே?

கடைசித் திருகு இன்று பிற்பகல். கதவு திறந்ததும் பெட்டியோடு கிளம்பிவிடுவேன், இது உறுதி. அறையைத் துடைத்து வை. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளெல்லாம் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் சொல் தட்டாத தம்பி,
கத்பர்ட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் திருகு இறங்கிவிட்டது. ஹெஸ்டரின் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. தெருவில் வந்து நின்றாள், இரண்டு வீட்டையும் அண்ணாந்து பார்த்தாள், உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் என் படிக்கட்டில் தடதட.

"கதவு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள்.

"இப்பத்தானே திறந்தீங்க? நான் பார்த்தேனே!"

"உங்களுக்குக் கண்ணு சரியில்லை, கத்பர்ட். உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரிங்க."

உரித்துக்கொண்டே எழுதுகிறேன். நான் வரவில்லை, அக்கா.