நம்பிராஜன் காலி செய்த கடை

என்டரைத் தட்டிய விரலை நம்பிராஜன் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் பாதிக் கடை காலி.

கடை என்றால் மளிகைக் கடை மாதிரிதான். ஒரகடத்தில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் உற்பத்தி லைன் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் கிடையாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர் கட்டி, அதற்குள் லைனை ஓட்டத் தேவையான லினக்ஸ் மென்பொருள் மூட்டைகளையெல்லாம் அடுக்கி, ஒற்றைப் பெரிய ஃபைலாக ஹார்ட் டிஸ்கில் தூக்கி வந்திருந்தான். ஞாயிறுதோறும் இறக்கிக்கொள்ள இடம் கொடுத்தது சிங்கப்பெருமாள் கோவில் பிரௌசிங் சென்டர் செல்வலட்சுமி அக்கா. டிஸ்க், ரூம்மேட் இசக்கியுடையது. கம்பெனியே கடன் கேட்கும் படங்கள் அதில் இருந்தன. நண்பனுக்காக அத்தனையையும் அழித்துவிட்டுக் கொடுத்தான். இரண்டு பேரையும் நம்பிராஜன் தினமும் மனசுக்குள் கும்பிடுவான்.

திங்கட்கிழமை புது லைன் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் திருநெல்வேலி பஸ்.

கடைசியாக ஒருமுறை சரிபார்ப்போமென்று, 'மூலத்தில் இல்லாததை இங்கேயும் அழி' என்று கட்டளை கொடுத்தான். மூலம் என்று அவன் காட்டியது ஒரு வெறும் ஃபோல்டர். லினக்ஸ் எதிர்த்துப் பேசாத பிள்ளை. துடைத்து வைத்துவிட்டது.

மீட்பதற்கு ஒரு மென்பொருளை அதே டிஸ்கில் ஏற்றினான். அது மிச்சமிருந்த தடயத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஆபீஸ் இன்டர்நெட்டில் புதிதாக இறக்கப் பார்த்தான். அந்தப் பளுவில் மேனேஜரின் மெயில் நின்றது. சூப்பர்வைசர் கோதண்டம் வந்து நின்றார்.

"இன்னாப்பா பண்ணிகினு கீற?"

"வைரஸ் சார்." வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"கேட்ல செக் பண்ணாம எப்டி உள்ள வுட்டான்? கூப்புடு அந்த யாக்கோப."

செக்யூரிட்டி யாக்கோபு எல்லார் டிஸ்கையும் கேட் கம்ப்யூட்டரில் செருகி வைரஸ் பார்த்துத்தான் விடுவார். போன வாரம் நம்பிராஜனுடையதை மட்டும் டீ டைம் வரை விடவில்லை. ஏன் என்றால் "ரூல்ஸு" என்றார். அன்றிலிருந்து, "கேட் கம்ப்யூட்டர்ல ஒண்ணு ஓட மாட்டேங்குது, வந்து பாரு தம்பி" என்று நச்சரிப்பு வேறு. "நாளைக்கி வாரேன் அண்ணாச்சி" என்று இவன் நழுவிக்கொண்டிருந்தான்.

"உன்னாலதான் லைன் போச்சு. நாளைலேர்ந்து வராத," என்றார் கோதண்டம், ஓடி வந்த யாக்கோபிடம்.

யாக்கோபு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். நம்பிராஜன் குறுக்கே வந்தான்.

"சார், வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் அழிச்சேன். அண்ணாச்சி செக் பண்ற லட்சணத்துக்கு எறும்புகூட உள்ள வராது."

"அப்ப திங்கக்கெழம நீ பொட்டியக் கட்டு," என்று கோதண்டம் மேனேஜர் அறைக்கு நடந்தார்.

"வேலையே போகுதுன்னாலும் வாயத் தொறக்க மாட்டீயளா?" என்றான் நம்பிராஜன். "அன்னைக்கு அவ்வளவு நேரம் வச்சி என்னதான் செக் பண்ணீய?"

யாக்கோபு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"இன்னா செக்கு? இசக்கி டிஸ்குல அம்மாம் பெரிய ஃபைலு, புதுப்படம்னு அப்டியே காப்பி அடிச்சி வச்சிகினேன். எத்தினி தபா போட்டாலும் ஓட மாட்டேங்குது, வந்து பாருன்னா நீதான் நாளிக்கு நாளிக்குன்றியே."