அப்பாவுக்கு வாங்கிய எட்டாயிரம் ரீல்

ஒரு பொருளின் மேல் எண் எழுதியிருந்தால் அது விலையாகத்தான் இருக்க வேண்டும் என்று இருபத்தைந்து வயது வரைக்கும் நம்பியிருந்தவள் நான். படித்தது பி.காம். (முதல் வகுப்பு. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.) செருப்பு வாங்கும்போது மட்டும் எப்படித் தப்பித்தாய் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். ஏழு ரூபாய்க்குச் செருப்பு கிடைக்காது என்கிற அளவுக்கு உலக ஞானம் எனக்கும் உண்டு.

அப்பாவுக்கு நெய்வேலி சுரங்கத்தில் வேலை. பர்மனென்ட். மண்ணை வாரும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர். வாரமெல்லாம் அந்த இரைச்சலில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலோடு சேத்தியாத்தோப்புக்குப் போய் வெள்ளாற்றங்கரையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு பழைய ஸ்பின்னிங் ரீல் இருந்தது. தூண்டில் ராடில் மாட்டி நைலான் நரம்பைச் சுற்றுகிற சக்கரம் அது. வயதாகி, யார் இழுத்தாலும் அவர்கள் பக்கமே சுற்றும் நிலைக்கு வந்திருந்தது. பெரும்பாலும் மீன்தான் ஜெயிக்கும்.

அந்தச் சமயத்தில் எனக்கு அப்பாவிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. கடலூர் ஓல்டு டவுனில் சாமுவேல் என்று ஒருவர். லேப் டெக்னீஷியன். மூன்று வருடப் பழக்கம். அவர் புராட்டஸ்டண்ட், நாங்கள் ஆர்.சி. (வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்கள்.) இதற்கிடையில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருக்கும் ஒருவர் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு, அடுத்த ஞாயிறு பார்க்க வருவதாகவும் பேசியாகிவிட்டது. அதற்குள் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு நல்ல ரீலை வாங்கிக் கொடுத்து, அப்பா மனம் குளிர்ந்திருக்கும்போது அம்மாவை விட்டுச் சொல்ல வைப்பது என்று திட்டம் போட்டேன்.

என்னுடையது ஆபீஸ் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை, சம்பளமும் அதற்குத் தகுந்தாற்போல்தான். கட்டுப்படியாகிற ரீலாக இருக்க வேண்டும். அப்பாவிடமே சாடையாகக் கேட்டேன்.

"ஏம்ப்பா, ரீல் வாங்கணும்னா உங்களுக்கு எது போதும்?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு போதும்மா. மூவாயிரம்கூட வெச்சிக்கலாம். அதுக்கு மேல போறவன் கிறுக்கன். ஏழாயிரம் எட்டாயிரம்லாம் கடல்ல போட்றவனுக்கு."

கடற்கரைக்காரர்கள் இவ்வளவு வசதியானவர்களா என்று எனக்கு ஒரே அதிர்ச்சி. சாமுவேலை நினைத்து லேசாகப் பெருமையும் பட்டுக்கொண்டேன். (இணையத்தில் தேடியிருக்கலாமே என்பீர்கள். தேடினேன். 'ரீல்' என்று போட்டதும் யாரோ குடும்பத்தோடு டான்ஸ் ஆடினார்கள்.)

துறைமுகம் பக்கத்தில் வலையும் நரம்பும் முள்ளும் விற்கிற கடைக்கு சாமுவேல் என்னைக் கூட்டிப்போனார். ரெண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு ரீல் வேண்டும் என்றேன். கடைக்காரர் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ரெண்டாயிரத்து ஐந்நூறுங்க. எண்ணூறு ரூபாய்க்குப் போட்டுத் தரேன்."

எனக்குப் பகீரென்றது. ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருளை ஒருவர் எண்ணூறுக்குத் தருகிறார் என்றால் அது ஒன்று டூப்ளிகேட்டாக இருக்க வேண்டும், அல்லது திருட்டுப் பொருளாக இருக்க வேண்டும். சாமுவேலின் கையைக் கிள்ளினேன்.

"அண்ணே, எங்களுக்கு இந்தத் தள்ளுபடி எல்லாம் வேணாம். ரெண்டாயிரத்து ஐந்நூறு குடுக்கிறோம், அதுக்கு உண்டான பொருளைக் குடுங்க."

அவர் இப்படி ஒரு வாடிக்கையாளரை ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். மிக்ஸி ஜார் அளவுக்கு இருந்தது. பக்கவாட்டில் பொன்னெழுத்தில் 8000 என்று பொறித்திருந்தது. எட்டாயிரம்! அதை ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு! பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் எட்டாயிரம் ரூபாய்ப் பொருள் என்று சாமுவேலின் காதில் சொல்லிவிட்டு, பணத்தைக் கொடுத்து, கடைக்காரர் மனம் மாறுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். இது எண்ணூறு ரூபாய் விவகாரத்தைவிடப் பெரிய தள்ளுபடி ஆயிற்றே என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"இவ்ளோ பெருசாவா இருக்கும்?" என்றார் சாமுவேல்.

"எங்க ஊர்ல மெஷின்னா பெருசாத்தான் இருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை. மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா முதலில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, பிறகு என்னைத் திட்டி, பிறகு சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். முதலில் ரீலைக் கொடுத்து, அடுத்து விஷயத்தைச் சொல்வது என்பது ஏற்பாடு. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பா வந்தார். பேச்சுக்குரல் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "ஜெசி, இங்க வா."

போனேன். அப்பா முகம் வாடியிருந்தது. மடியில் ரீல் இருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. சமையலறை வாசலில் அம்மா தோசைக் கரண்டியால் ஏதோ சைகை செய்தார். தைரியமாக இரு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"அம்மா சொல்லுச்சும்மா" என்றார் அப்பா. "எங்க பார்த்த? கடலூர்லியா?"

"ஆமாம்ப்பா. ஓல்டு டவுன்."

"அதான் பார்த்தேன். கடல் பக்கத்துச் சமாச்சாரம். நமக்கு ஒத்து வராதும்மா."

"ஏம்ப்பா ஒத்து வராது?"

"நம்ம அளவு என்னா, அந்த அளவு என்னா? ஆசைப்பட்டுச் சேர்த்து வெச்சா நாலு நாள் தாங்குமா? முறிஞ்சிடும்."

"முறியாதுப்பா!"

"உனக்கு அனுபவம் பத்தாது. நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் இவ்ளோ நேரம் யோசிச்சிக்கினு இருந்தேன். பரவால்ல, திருப்பிக் குடுத்துடலாம். நானே வந்து பக்குவமா பேசறேன், தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

திருப்பிக் கொடுப்பதாவது! எனக்குள் எதுவோ உடைந்தது.

"முடியாதுப்பா! மூணு வருஷமா பழகறோம்! கட்டினா சாமுவேலைத்தான் கட்டுவேன். புராட்டஸ்டண்ட்னா என்ன, அவங்க கும்பிடறதும் அதே இயேசுதானே!"

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அவர் இவ்வளவு நேரம் சைகை காட்டியது 'நான் இன்னும் சொல்லவில்லை' என்பதற்காகத்தான்.

அப்பா என்னைப் பார்த்தார். மடியில் இருந்த ரீலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பில்லு இருக்கான்னு கேக்கலாம்னுதாம்மா கூப்ட்டேன்."

அன்று நான் அடைந்த அதிர்ச்சியைப் போல அதற்கு முன்னும் பின்னும் அடைந்ததில்லை. எட்டாயிரம் என்பது விலை இல்லை, ரீலின் சைஸ், தன்னுடைய சின்ன ராடில் மாட்டினால் ராடு முறிந்துவிடும் என்பதை அந்த நிலைமையிலும் அப்பா எனக்கு விளக்கினார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை. மறுநாள் வருகிறவர்களை வரவேண்டாம் என்று போனில் சொன்னார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேன்.

ஞாயிறு காலை பூசைக்குப் போய்வந்தவர் ரீலைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்கும்போது அந்தப் பையன் கூட இருந்தானா?"

"இருந்தாருப்பா."

"கடைக்கு வரச் சொல்லு."

கடலூர் பஸ் ஏறிப் போய்விட்டார். சாமுவேலுக்குப் போன் செய்தால் மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. அன்று முழுக்க அம்மா ஜெபமாலையை வைத்துக்கொண்டு ஒரு மூலையில், நான் போனை வைத்துக்கொண்டு ஒரு மூலையில். இருவருக்குமே பதில் வரவில்லை.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தார். பையில் ரீல் அப்படியே இருந்தது.

"திருப்பி எடுத்துக்க மாட்டானாம்" என்றார்.

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, கடலோரத்துல பொறந்தவன், இதுகூடவா தெரியாதுன்னு கேட்டேன். 'எனக்கு மீன் பிடிக்கவெல்லாம் தெரியாதுங்க மாமா. எட்டாயிரம் ரூபா பொருளு ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்குதுன்னு ஜெசி சொன்னாங்க, சரின்னுட்டேன்'றான்."

அம்மா, "அதுக்கு நீங்க என்னங்க சொன்னீங்க?" என்றார்.

"என்னா சொல்றது? இவ சொல்றதையெல்லாம் நம்பறதுக்கு ஒருத்தன் இருக்கான். அவனை விட்டா வேற ஆள் கிடைக்குமா? சாப்பாடு போடு, பசிக்குது."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

எந்தக் கோயிலில் கல்யாணம் என்பதற்கு நடந்த பேச்சுவார்த்தையைத் தனிப் புத்தகமாகத்தான் எழுத வேண்டும். நடந்தது. ரீலும் வீணாகவில்லை. அதற்குத் தோதாக அப்பா ஒரு நீளமான ராடு வாங்கினார். இப்போதெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறார். இருவரும் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வந்து என்னிடம் குழம்பு கேட்பார்கள்.

போன மாதம் எனக்கும் சாமுவேலுக்கும் பெரிய சண்டை. இனி இந்த வீட்டில் ஒரு நிமிடம் இருக்க மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நெய்வேலிக்குக் கிளம்பிவிட்டேன். குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். அப்பா திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பையைப் பார்த்தார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"பில்லு இருக்காம்மா?" என்றார்.

காபியைக் குடித்துவிட்டு அடுத்த கடலூர் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.