பதினோரு ரவையும் ஒரு மனுவும்

திங்கட்கிழமை மாலை மணி ஆறு அடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை என்று ஆர்வில் ஸ்டக்கி சபதம் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவில், மச்சான் ஹார்லனின் பின்பக்கத்தைப் பார்த்தபடி எடுத்த சபதம் அது. அந்தப் பின்பக்கத்தில் காடை சுடும் ஈய ரவை பதினொன்று இருந்தது. சுட்டவர் ஆர்வில்.

ஆர்வில் லேசுப்பட்ட ஆள் இல்லை. தெற்கு டெக்சாஸில், டோலன் கவுண்டி என்கிற மாவட்டத்தின் மூன்றாம் வட்டத்துக்குப் பதினாறு வருஷமாகக் கமிஷனர். ரோடு, பாலம், பள்ளம் எல்லாம் அவர் கையில். பழைய டிராக்டரை வாங்கி விற்று மேலே வந்த மனுஷர். பேரம் என்றால் செத்த மாட்டுக்கும் பால் விலை கேட்பார். கோபம் வந்தால் மட்டும் பேரம் மறந்து போகும்.

அடுத்த தேர்தலுக்கு அவர் மனு கொடுத்தாயிற்று. எதிர்த்து ஒரு ஈ காக்கை இல்லை. திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கோர்ட்டுக் கட்டடத்தில் மனு வாங்கும் ஜன்னலை மூடிவிட்டால் போதும், இன்னும் நாலு வருஷம் நாற்காலி அவருடையது. அதற்குள் இந்த விஷயம் வெளியே போனால்? மச்சானைச் சுட்ட மனுஷரை எதிர்த்து மாடு மேய்க்கிறவன்கூட நிற்பான். நின்றால் ஜெயிப்பான்.

நியாயம் பேசினால் தப்பு ஹார்லன் மேல்தான். காடை வேட்டையில் எல்லாரும் ஒரே வரிசையில் நடக்க வேண்டும். விழுந்த பறவையை எடுக்க முன்னால் போகிறவன் குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஹார்லன் சத்தமில்லாமல் போனான். ஒரு காடை இடது பக்கம் திரும்பியது. துப்பாக்கியும் திரும்பியது. காடை இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. குண்டுக் காயம் என்றால் டாக்டர் ஷெரீஃபுக்குச் சொல்லியாக வேண்டும். ஷெரீஃபுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஆகவே ஹார்லன் சமையலறை மேஜையில் குப்புறப் படுத்தான். ஆர்விலின் மனைவி நடீன், புருவம் பிடுங்கும் இடுக்கியைச் சாராயத்தில் முக்கி எடுத்துக்கொண்டு தம்பியின் மேல் குனிந்தாள். ரவை ஒவ்வொன்றாகப் பீங்கான் தட்டில் விழுந்தது. ஹார்லன் கழுத்தைத் திருப்பி டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சப்பாத்திக்கள்ளி மேல விழுந்துட்டான். அவ்வளவுதான் கதை," என்றார் ஆர்வில்.

"கள்ளி முள்ளு ஈயத்துலயா இருக்கும்?"

"நீ எடுக்கிறதை எடு, நடீன். யார் கேட்டாலும் கள்ளி."

"நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன். எனக்கு உன் வாயை நினைச்சாத்தான் கவலை."

அந்தப் பேச்சு ஆர்விலுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடக்கிக்கொண்டார். மச்சான் வாயை அடைக்கிற வேலை பாக்கி இருந்தது. ஹார்லன் படகைக் கேட்டான். ஆர்வில் தூண்டிலைத் தருவதாகச் சொன்னார். கடைசியில் படகு ஆர்விலுக்கே, சனி ஞாயிறு மட்டும் ஹார்லனுக்கு என்று முடிந்தது. குப்புறப் படுத்திருக்கிற ஆளிடம் பேரம் பேசுவது சுலபம். அவனால் எழுந்து போக முடியாது.

மறுநாள் தேவாலயத்தில்தான் முதல் கோணல். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஹார்லன் உட்காரவில்லை. பாட்டுக்கு நின்றான், ஜெபத்துக்கு நின்றான், நாற்பது நிமிஷப் பிரசங்கத்துக்கும் நின்றான். ஹார்லன் சகோதரனைப் பரிசுத்த ஆவி ஆட்கொண்டிருக்கிறது என்று பாஸ்டர் சந்தோஷமாக அறிவித்தார். ஆர்வில் எழுந்து, ஆவி இல்லை, கள்ளி என்று விளக்கம் சொன்னார். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே பாதி வாக்குமூலம்.

மீதிப் பாதியைக் காப்பிக்கடையில் கொடுத்தார். அங்கே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காட்டுக் கள்ளி, எவ்வளவு உயரம் என்று விசாரணை நடந்தது. ஆர்வில் நிதானமாகச் சமாளித்தார். அப்போது போர்வெல் போடும் கிளீட் பாலூ காப்பியை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னான்.

"இந்த வருஷம் கள்ளி ரொம்ப தூரத்துலேர்ந்தே குத்துது போல."

அவ்வளவுதான். ஆர்விலுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"நாற்பது கஜம். நாற்பது கஜத்துல எவனுக்குடா வலிக்கும்? வரிசை தாண்டிப் போனது அவன். குரல் குடுத்தானா, கேளு அவனை. நான் காடையைத்தான் குறி வெச்சேன்."

மூலை மேஜையில் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் தின்றுகொண்டிருந்த ஆப்பிள் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு உள்ளூர் ரேடியோ விழித்துக்கொண்டது. இன்று வானம் தெளிவாக இருக்கும், மச்சான்கள் மட்டும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்றது வானிலை அறிக்கை. ரோட்டில் இருக்கிற பள்ளத்தைப் பதினாறு வருஷமாக மூடத் தெரியாத கமிஷனர் ஒரே மத்தியானத்தில் பதினோரு புதுப் பள்ளம் போட்டிருக்கிறார் என்றது செய்தி. ஏழு மணிக்கு எல்லார் ஃபோனிலும் ஒரு படம் வந்துவிட்டது: காடைகள் ஊர்வலம் போகின்றன, கையில் பலகை, 'எங்கள் ஓட்டு ஆர்விலுக்கே. அவரால் எங்களுக்கு ஆபத்து இல்லை.' எட்டரைக்கு சான் அன்டோனியோவிலிருந்து கிளம்பிய டிவி வண்டி ஒன்று வாசல் கேட்டுக்கு வந்து நின்றது.

ஆர்வில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். முகம் சிவந்திருந்தது. துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி விட்டால் வண்டி போய்விடும் என்றார். அதையும் படம் பிடிப்பார்கள் என்றாள் நடீன்.

"கேமராவை விடு, ஆர்வில். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எவன் மனு குடுப்பான்னு யோசிச்சியா?"

"எவன் குடுப்பான்?"

"எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வர்ற ஃபோனைப் பதினாறு வருஷமா எடுக்கிறவ நான்தானே."

கவர் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று பெயர்களை எழுதினாள். கிளீட் பாலூ, வடக்குக் கோடி. எவுசேபியோ கண்டூ, ஆற்றோரம், தெற்குக் கோடி. ஓட்டிஸ் க்ரம், மேற்கே, பக்கத்துக் கவுண்டிக்கு ஒட்டி. ஒவ்வொருவருக்கும் என்ன குறை, என்ன கொடுத்தால் மசிவார்கள் என்றும் சொன்னாள். ஆர்விலுக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு பெண்டாட்டி வாய்க்க வேண்டுமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பாவம், வெளியே சொல்லியிருக்கலாம்.

"ஹார்லனையும் கூட்டிட்டுப் போ. இங்க விட்டா அவன் கேமரா முன்னாடி பேன்ட்டைக் கழட்டிக் காட்டுவான்."

அதுவும் சரிதான். மச்சானே மனு கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் ஆர்விலின் உள்பயம். பதினோரு காயத்தோடு நிற்கிறவனுக்கு மைக்கே வேண்டாம். ஹார்லனை வண்டியின் பின்சீட்டில் குப்புறப் போட்டார். டிவிக்காரர்களிடம் வாயைத் திறக்காதே என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பின்கேட் வழியாகக் கிளம்பினார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது.

கிளீட் பாலூ குழாய்களுக்கு நடுவில் நின்றிருந்தான். நீ மனு கொடுக்கப் போகிறாயாமே என்று ஆர்வில் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "நானா?" என்றான் கிளீட். அவனுக்கு அந்த நினைப்பே இருந்ததில்லை. ஆனால் வீடு தேடி வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற ஆளும் அவன் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"யோசிச்சிட்டிருக்கேன், கமிஷனர்."

யோசனையை நிறுத்த மூன்று மைல் கிராவல் ரோடு கேட்டான். ஆர்வில் அரை மைலில் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கத்தினார்கள், இரண்டு தடவை ஆர்வில் வண்டியில் ஏறி இறங்கினார். ஒன்றரை மைலில் கை குலுக்கினார்கள்.

கண்டூ வீட்டில் மத்தியான டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டார் எல்லாரும் சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஆர்விலின் சொந்த வாசல். வாசலில் நடீன், கையில் காப்பிக் கெண்டி. உங்கள் கணவர் எப்போதும் இப்படித்தான் குறி தவறுவாரா என்று நிருபர் கேட்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க. இருபத்தாறு வருஷத்துல அவர் சுட்டு ஒண்ணு விழுந்துச்சுன்னா அது இதுதான்."

உங்கள் தம்பி எப்போது உட்காருவார் என்றான்.

"ரெண்டு வாரத்துல உட்காருவான். மூணாம் வட்டத்து ரோட்டுல வண்டியில போனான்னா மூணு வாரம்."

கண்டூ குடும்பம் சிரித்தது. சின்னக் குழந்தைகூடச் சிரித்தது. நாடு முழுக்கக் காலை பதினொன்றிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள் என்றார் கண்டூ. ஆர்வில் பல்லைக் கடித்தார். வாயைத் திறக்காதே என்று சொன்னவர் அவர். ஆனால் இப்போது கோபப்பட நேரமில்லை. கண்டூவுக்கு ஓடையைக் கடக்க ஒரு பாலம் என்றார். கண்டூவும் மனுவைப் பற்றி அதுவரை நினைத்ததில்லை. அன்று மட்டும் நினைத்தார். பாலம் இரண்டு வண்டி அகலத்துக்கு முடிந்தது.

"உங்க வீட்டம்மாவுக்கு இந்த ஓடை தெரியும்," என்றார் வாசல் வரை வந்து. "வெள்ளம் வர்றப்பல்லாம் அவங்களுக்குத்தான் ஃபோன் போடுவேன். வண்டியோட ஆளை அனுப்பிடுவாங்க."

ஆர்வில் அதைக் காதில் வாங்காமல் வண்டியைக் கிளப்பினார்.

ஓட்டிஸ் க்ரம் வீட்டில் இல்லை. காலையிலேயே நகரத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். மணி நாலரை. மனு கொடுக்கத்தான் போயிருக்கிறார் என்று ஆர்வில் வண்டியைத் திருப்பினார். நாற்பது மைலை முப்பது நிமிஷத்தில் ஓட்டினார். பின்சீட்டில் ஹார்லன் பிறந்ததிலிருந்து தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். ஓட்டிஸ் கோர்ட்டில் இல்லை. தீவனக் கடையில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அவரை மூட்டைகளுக்கு நடுவே மடக்கி, வாசலில் மாடு தாண்டாத இரும்புச் சட்டம் இரண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை ரோடு சமப்படுத்துவதும் என்று முடித்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. பேரம் முடிந்த பிறகும் ஓட்டிஸின் கையை விடாமல் ஆறு வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைக் கடிகாரம் ஆறு காட்டியது. ஆர்வில் கையை விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மச்சானுக்குப் படகை வெள்ளிக்கிழமையும் தருவதாகச் சொன்னார். அவ்வளவு சந்தோஷம். கவுண்டியையே ஒரே நாளில் வளைத்துக் கட்டியிருக்கிறேன், சிரிக்கிறவன் நாலு வருஷம் சிரிக்கட்டும், நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றார். ரேடியோவைப் போட்டார். மனு விவரம் வந்துகொண்டிருந்தது. முதல் வட்டத்துக்கு ஒருவர். இரண்டாவதுக்கு ஒருவர். மூன்றாம் வட்டத்துக்கு இருவர்.

வண்டி ஒரு தடவை பாதையை விட்டு இறங்கி ஏறியது.

ஒருவர் ஆர்வில் ஸ்டக்கி என்றது ரேடியோ. ஐந்து ஐம்பதுக்கு மனு கொடுத்த இன்னொருவரும் ஸ்டக்கிதான்.

"நான் இங்கதான் இருக்கேன், மச்சான்," என்றது பின்சீட்டு. "நான் ஸ்டக்கியும் இல்லை."

வீட்டு வாசலில் இப்போது நாலு டிவி வண்டிகள் நின்றன. விளக்குகள் எரிந்தன. நடீன் தேவாலயத்துக்குப் போடும் நீலக் கவுனில் படியில் நின்றாள். ஆர்வில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்.

"என்ன காரியம் பண்ணின, நடீன்?"

"நாள் முழுக்க நீ பண்ணின அதே காரியம்தான். மூணாம் வட்டத்தைக் கவனிச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "மூணு பேரும் இப்பத்தான் ஃபோன் பண்ணாங்க. கமிஷனர் சொன்னதை நம்பலாமான்னு கேட்டாங்க. நான் வந்தா நிச்சயம் பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டேன். அவங்க மூணு பேர் வீட்டு ஓட்டும் எனக்குத்தானாம். நல்லா பேசி முடிச்சிருக்கே. அந்தப் பாலம் மட்டும் கொஞ்சம் அகலம் ஜாஸ்தி."

ஆர்வில் வாயைத் திறந்தார். சபதத்துக்குக் கெடு முடிந்துவிட்டது. இப்போது தாராளமாகப் பேசலாம். பேசுவதற்குள் கேமராக்காரப் பையன் அவர் தோளை மரியாதையாகத் தொட்டான்.

"சார், வேட்பாளரோட வீட்டுக்காரர் நீங்கதானே? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா மேல வெளிச்சம் விழல."