இப்போதைக்கண்ணையின் வெடித்த பல்

யுத்த காலத்தின் பல வருடங்களைக் கொழும்பில் ஒரே அறையில் கழித்து, அந்த அறைச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காத ஒரே மனிதர் இப்போதைக்கண்ணைதான். இத்தனைக்கும் அவருக்கு வேலை புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில். பகலெல்லாம் ஊர் உலகத்துக்கு ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் வெள்ளவத்தைக்கு வந்து சேட்டைக் கழற்றி யன்னல் கம்பியில் கொழுவுவார். கடல் காற்றுக்கு அது படபடவென்று அடித்துக்கொண்டு, ரெயில் பாதையைத் தாண்டிப் பறக்கத் துடிக்கும்.

"ஒரு ஆணி அடிச்சா என்ன அண்ணை?" என்று அதே வீட்டில் வாடகைக்கு இருந்த நான் கேட்பேன்.

"எதுக்கடாப்பா? பாதை திறந்த உடனை போறதுதானே. இப்போதைக்கு இது காணும்."

பாதை என்றால் யாழ்ப்பாணத்துப் பாதை. அது அடைபட்டுக் கிடந்தது. மனைவியும் மகளும் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். பேச்சுவார்த்தை என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் போதும், மறுநாள் காலை சூட்கேசைத் தூசு தட்டுவார். பிறகு அந்த வரி பத்திரிகையில் இருந்து காணாமல் போகும். சூட்கேஸ் மறுபடி கட்டிலுக்குக் கீழே போகும். உடுப்பெல்லாம் அதற்குள்தான். எடுப்பார், உடுப்பார், தோய்ப்பார், மடித்து அதற்குள்ளேயே வைப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டுக்கார ரீச்சரம்மாவுக்கும் பொலிசுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் இப்போதைக்கு அண்ணை. சேர்த்துச் சொன்னால் இப்போதைக்கண்ணை. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த புணர்ச்சி விதி எனக்கு வாழ்க்கையில் உதவிய ஒரே இடம் அது.

பற்பசை வாங்கினால் ஆகச் சின்னது. வாளி வாங்கவே இல்லை, என்னுடையதில்தான் குளிப்பார். மூக்குக்கண்ணாடியின் கை உடைந்தபோது நூலால் கட்டினார். அந்த நூல் அறுந்தபோது வேறு நூலால் கட்டினார். குடைக்கம்பி, செருப்பு வார், மணிக்கூட்டுப் பட்டி எல்லாவற்றுக்கும் அதே நூல். ரீச்சரம்மா வாராவாரம் வாங்கும் சஞ்சிகையில் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் திறக்கமாட்டார்.

"முடியிறதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடுவன். பிறகு அவளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியாமல் அந்தரம்" என்பார்.

சிறுகதை மட்டும் வாசிப்பார். அதுவும் ஒரு பக்கத்துக்குள் முடிந்தால் நல்லது.

இப்படிப்பட்டவருக்குத்தான் பல் வெடித்தது. சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசிச் சோறு. முருங்கைக்காய்க் குழம்பு. மூன்றாம் வாயோ நாலாம் வாயோ, 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணை வாய்க்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "கல்லு உடையேல்லை" என்றார். அப்படியானால் உடைந்தது எது என்று யோசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கடிக்கும்போது வலிக்காது, கடித்ததை விடும்போது மின்னல் அடிக்கும். அண்ணை கராம்பு வாங்கினார். சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம். அவர் அறைக்குள் வந்தால் புரியாணி வந்ததுபோல் இருக்கும். சாப்பாட்டை ஒரு பக்கமாகவே மென்று மென்று, முகமே ஒரு பக்கம் சாய்ந்து, யாருடைய கதையையும் நம்பாத ஒருவரைப்போல் தோற்றமளிக்கத் தொடங்கினார்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்கு எதிரே, மாடியில், ஒரு பல் டொக்டர் இருந்தார். கொட்டாஞ்சேனைக்காரி. குட்டையான உருவம், பெரிய குரல், கழுத்தில் சின்னச் சிலுவை. அண்ணையை ஒரு சனிக்கிழமை மட்டக்குளி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

அங்கேதான் வரலாற்றுத் தவறு நடந்தது.

வாசல் மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "பர்மனன்டா, டெம்பரரியா?" என்றாள். பல் அடைப்பதைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அந்தக் காலத்தில் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் காக்கி போட்டவர்கள். அண்ணை விறைத்து நிமிர்ந்தார். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரே அசைவில் வெளியே வந்தன.

"டெம்பரரி மிஸ். சொந்த இடம் யாழ்ப்பாணம். வெள்ளவத்தையில பதிஞ்சிருக்கு. பிரச்சினை ஒண்டும் இல்லை."

அவள் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். டொக்டரும் அதன்படியே தற்காலிகமாக அடைத்துவிட்டு, "ஐயா, இது கொஞ்ச நாளைக்குத்தான். வெடிப்பு இருக்கு. திரும்ப வாங்க, ஒழுங்காச் செய்வோம்" என்றார்.

படியிறங்கும்போது அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "பாத்தீரே! பல்லுக்கும் டெம்பரரி இருக்காம் ஐசே! இது தெரியாமல் இவ்வளவு நாளும் கராம்பு சப்பினேனே."

அதன் பிறகு அவர் அந்த மாடிக்கு ஏறி இறங்கியது ஒரு வழிபாடு மாதிரி. அடைப்புக் கழன்றால் போவார், டெம்பரரி என்பார், அடைத்துக்கொண்டு வருவார். மழை விட்டுவிட்டுப் பெய்தது, கடல் நிறம் மாறியது, பாதை திறக்கவில்லை, பல் திறந்து திறந்து மூடியது. கடைசியில் ஒரு நாள் டொக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்களும் கேளுங்க. இனி டெம்பரரி போடமாட்டேன். பீப்பா வெடிச்சா சுத்திவர இரும்புப் பட்டி போடுறதில்லையா? அது மாதிரி வேருக்குள்ள மருந்து வச்சு, மேல தொப்பி ஒண்ணு போடணும். இல்லாட்டி வெடிப்பு வேருக்கு இறங்கிடும். இறங்கினா எடுத்துப் போடத்தான் வேணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அண்ணை நாற்காலியில் படுத்தபடியே கேட்டார். "தொப்பி எவ்வளவு காலம் நிக்கும், டொக்டர்?"

"நல்லா வச்சிக்கிட்டா பதினைஞ்சு வருசம் நிக்கும்."

அண்ணை எழும்பி உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த பஞ்சு மடியில் விழுந்தது.

"பதினைஞ்சு வருசமோ! அவ்வளவு காலம் நான் இஞ்ச என்ன செய்யிறது?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. "தொப்பிய நான் கொட்டாஞ்சேனையில வச்சிக்கிடப் போறதில்ல ஐயா. நீங்க எங்க போனாலும் கூடத்தான் வரும்" என்றார், கொஞ்சம் மெதுவாக.

அண்ணை யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்த யோசனை எங்கள் வீட்டையே பிடித்து ஆட்டியது. ரீச்சரம்மா தொப்பிக் கட்சி. "பல்லில்லாமல் ஊருக்குப் போய் என்னத்தைக் கடிக்கப் போறீர்?" என்று சமையலறையிலிருந்தே கேட்பார். அண்ணைக்கோ ஊரில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறாராம், கையால் தொட்டாலே நோ போகுமாம், தொப்பி போடுவதென்றால் அவரிடம்தானாம். அந்த வைத்தியர் லண்டன் போய்விட்டார் என்று ரீச்சரம்மா சொன்னதும், "அவரும் திரும்பி வருவார்தானே" என்றார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு பக்கமும் வலி. சோற்றைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கியிருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை முடிவை அறிவித்தார். "புடுங்குவம். ஒரே நாளில அலுவல் முடிஞ்சிடும். பிறகு வாறது போறது ஒண்டும் இல்லை."

நாற்காலியில் படுத்தார். ஊசி போட்டாயிற்று. டொக்டர் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். "ஐயா, எடுத்தா திரும்ப முளைக்காது, விளங்குதா? தொப்பியாச்சும் பதினைஞ்சு வருசம். இது சாகும் வரைக்கும். இதத்தான் பர்மனன்ட்னு சொல்றது."

அண்ணை வாயை மூடினார். பிரச்சினை என்னவென்றால், டொக்டரின் விரல் உள்ளே இருந்தது.

அந்த அலறல் அச்சகம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வாசல் பெண் ஓடிவந்தாள். டொக்டர் விரலை உதறிக்கொண்டே, "கடிக்கிற பலம் இருக்குதானே! இந்தப் பல்லப் போய் எடுக்கச் சொல்றீங்களே!" என்று கத்தினார். அண்ணை விறைத்த வாயோடு மன்னிப்புக் கேட்டார். அது மன்னிப்பு மாதிரிக் கேட்கவில்லை. ஆனால் தலையில் தொப்பி வைப்பதுபோல் கையால் காட்டினார். டொக்டர் விளங்கிக்கொண்டார்.

அன்றைக்கே வேர் வேலை தொடங்கியது. திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மீசை சரியாக அரும்பாத ஓர் ஆமிப் பொடியன் அண்ணையின் அட்டையைப் பார்த்து, "கொஹெத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறாய் என்று அர்த்தம்.

"எள்ளஅத்தை" என்றார் அண்ணை. உதடு ஒத்துழைக்கவில்லை.

அவன் அட்டையை மறுபடி பார்த்தான், ஆளைப் பார்த்தான், வீங்கிய கன்னத்தைப் பார்த்தான். வாய்க்குள் எதையோ ஒளித்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாய்க்குள் சயனைட் குப்பி வைத்திருப்பவர்களைப் பற்றி எல்லாரும் கதை கேட்டிருந்தார்கள். "கட அரின்ன!" என்று துவக்கை அசைத்தான். அண்ணை ஆவென்று வாயைத் திறந்தார். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மடத் ததக் ரிதெனவா" என்றான்.

எனக்கும் ஒரு பல் வலிக்கிறது.

தன் வாயையும் திறந்து காட்டினான். வரிசையே பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்து, பெரிய டொக்டரைப்போல் நாக்கைச் சப்புக்கொட்ட முயன்றார், முடியவில்லை. சேட்டுப் பைக்குள் கைவிட்டுக் கராம்புப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"தாவகாலிக" என்றார். சிங்களத்தில் டெம்பரரி. அந்தச் சொல்லை மட்டும் அவருக்கு எந்த நிலையிலும் தெளிவாகச் சொல்ல வரும். "பஸ்ஸே, டொக்டர்." பிறகு டொக்டரிடம் போ. கராம்போடு இருந்துவிடாதே என்று விரலை ஆட்டி எச்சரித்தார்.

மறுபடி பஸ்ஸில் ஏறினோம். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். காலி வீதிக் கடைகள் போய்க்கொண்டிருந்தன. உதடு கொஞ்சம் உயிர்த்ததும் சொன்னார்.

"பதினைஞ்சு வருசத்தில மகளுக்குக் கலியாணமும் முடிஞ்சிருக்கும், என்ன?"

கன்னத்தைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார்.

"நான் வரேக்க அவள் கட்டிலுக்குக் கீழ பூந்து விளையாடிக்கொண்டிருந்தவள். இன்னும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன், விசரன்."

அந்தக் கிழமையே, பாஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கப்பலில் ஊருக்குப் போக இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். நான் வருவேன் என்று இல்லை. நீங்கள் வாருங்கள் என்று. அதைச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து, பெரிய குற்றம் செய்தவர்போல் இரண்டு நாள் ரீச்சரம்மாவின் கண்ணில் படாமல் திரிந்தார்.

வேர் வேலை முடிந்தது. தொப்பிக்கு அளவெடுத்தார்கள். அது செய்து வரும்வரைக்கும் டொக்டர் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை ஒட்டிவிட்டார். "டெம்பரரிதான் ஐயா" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட, வாசல் பெண் தலையில் கையை வைத்தாள். இந்த மனிதர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று மூன்று பேரும் முடிவு கட்டினோம்.

குறித்த நாளில், நான் அச்சகத்துக்குப் போனபோது, டொக்டரின் மாடிப்படியில் அவர் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.

"அவையள் கப்பலில திருகோணமலைக்கு வந்திட்டினமாம். பாஸ் கிடைச்சா நாளைக்கு நாளையிண்டைக்கு இஞ்ச. மகள் வந்து பாக்கேக்க அப்பா ஒரு பக்கத்தால சாப்பிட்டுக்கொண்டு நிக்கேலுமே?"

தொப்பி மற்றப் பற்களைவிட ஒரு பிடி வெள்ளை. வெற்றிலைக் கறைக்கு நடுவில் புதுச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி. டொக்டர் கடித்துப் பார்க்கச் சொன்னார், விரலைத் தூரத்தில் வைத்துக்கொண்டு.

அவர்கள் ஒரு மத்தியானம் வந்து இறங்கினார்கள். மனைவி மெலிந்த, அதிகம் கதைக்காத அம்மா. மகள் அம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்து, யார் வீட்டுக்கோ வந்த பிள்ளைபோல் "வணக்கம்" என்றாள். அண்ணையும் "வணக்கம்" என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை.

ரீச்சரம்மா தேத்தண்ணி போட்டார். மனைவி பையைத் திறந்து, கடலையும் காவலையும் தாண்டி வந்த பொரிவிளாங்காயை எடுத்து வைத்தார். நல்ல யாழ்ப்பாணத்துப் பொரிவிளாங்காய், மாவும் பாகும் இறுகிய இனிப்பு உருண்டை. எறிந்தால் யன்னல் உடையும். மகள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. மேசையில் தட்டிப் பார்த்தாள். மேசைதான் சத்தம் போட்டது.

அண்ணை அதை வாங்கினார். சேட்டின் நுனிக்குள் வைத்துச் சுற்றினார். சின்னப் பிள்ளைகள் காக்காய்க் கடி கடிப்பதற்குச் சுற்றுவதுபோலத்தான். புதுத் தொப்பி இருந்த பக்கமாகவே வாய்க்குள் வைத்தார். கடினமாக ஒன்றும் கடிக்கக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அண்ணை!" என்று நான் கத்துவதற்குள் 'டக்' என்றது. ரீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணை சேட்டு நுனியை மெதுவாக விரித்தார். பொரிவிளாங்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்தார். தொப்பி இருந்த இடத்தில் இருந்தது.

"அப்பாவுக்குப் பல்லு நல்ல பலம்" என்றாள் மகள். முதல் தரம் அப்பா என்றாள்.

ஒரு பாதியை அவளுக்குக் கொடுத்தார். மற்றப் பாதி தனக்கென்றுதான் நினைத்தேன். "இந்தாரும் ஐசே, என்னோட எத்தினை சனிக்கிழமை அலைஞ்சனீர்" என்று எனக்கு நீட்டினார். அதை உடனே வாயில் போட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மூன்று பேரும் கதைக்கத் தொடங்கும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.